விரும்பிய பாடம் கிடைக்கவில்லையா? கல்லூரி மாறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் நம் அறக்கட்டளைக்கு வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் கட்டண உதவி கேட்டு வருகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வருபவர்களின் கேள்வி வேறு. “பிள்ளை கேட்ட பாடம் கிடைக்கவில்லை. கிடைத்ததில் சேர்த்துவிட்டோம். இப்போது பிடிக்கவில்லை என்கிறான். வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா?” இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்த மாதத்தில் கேட்கிறார்கள், எந்தப் பாடத்திலிருந்து எந்தப் பாடத்துக்குப் போக விரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பி.காம். கிடைக்காமல் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்த ஒரு மாணவர், வேறு ஊரில் இடம் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி, ஆகஸ்ட் இறுதியில் டி.சி. வாங்கிவிட்டார். அங்கே போனபோது சேர்க்கை முடிந்திருந்தது. பழைய கல்லூரியில் அவருடைய இடமும் போய்விட்டது. அந்த ஆண்டு அவர் உறவினர் ஒருவரின் கடையில் நின்றார். கையில் சம்பளம் வர ஆரம்பித்த பிறகு மறு ஆண்டு புத்தகத்தை எடுக்க மனம் வரவில்லை. படிப்பு நின்றது பாடம் பிடிக்காததால் அல்ல. முறை தெரியாமல் மாற முயன்றதால் நின்றது. இன்னொரு பிள்ளைக்கு இது நேரக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கல்லூரி மாறுவதும் பாடம் மாறுவதும் ஒன்றல்ல

பல பெற்றோர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். “முதல் ஆண்டு இங்கே எதையாவது படிக்கட்டும், இரண்டாம் ஆண்டு அங்கே போய் சைக்காலஜி படிக்கட்டும்” என்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. இடமாறுதல் என்பது பொதுவாக ஒரே பாடத்தை ஒரு கல்லூரியில் படிக்கும் மாணவர், அதே பாடத்தை வேறு கல்லூரியில் தொடர்வதற்கான ஏற்பாடு. பி.ஏ. ஆங்கிலம் முதல் ஆண்டு முடித்தவர் பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டில் போய் உட்கார முடியாது. முதல் ஆண்டுக்குரிய உளவியல் தாள்களை அவர் படித்திருக்கவில்லை.

நம் மாநிலக் கலை, அறிவியல் பட்டப்படிப்புகளின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அதன் துணைப்பாடங்களும், பகுதி 4 திறன் மேம்பாடு, சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, பகுதி 5 விரிவாக்கப் பணி. பாடம் மாறினால் பகுதி 1, 2 தாள்கள் பொருந்திப் போக வாய்ப்புண்டு. பட்டத்தின் முதுகெலும்பான பகுதி 3 பொருந்தாது. ஆகவே பாடம் மாற வேண்டும் என்றால் பெரும்பாலும் மீண்டும் முதல் ஆண்டில்தான் சேர வேண்டியிருக்கும்.

ஏன் கிடைக்கவில்லை என்று முதலில் கேளுங்கள்

பாடம் கிடைக்காததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலாவது, அந்தக் கல்லூரியில் அந்தப் பாடமே இல்லாதிருப்பது. உளவியல், புள்ளியியல், காட்சித் தொடர்பியல் போன்றவை எல்லா ஊர்களிலும் இருப்பதில்லை.

இரண்டாவது, பாடம் இருந்தும் இடங்கள் நிரம்பிவிடுவது. பி.காம்., பி.சி.ஏ., கணினி அறிவியல் ஆகியவற்றில் இதுவே வழக்கம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் அதே பாடம் சுயநிதிப் பிரிவிலும் மாலை நேர வகுப்பிலும் தனியாக நடக்கிறது. உதவி பெறும் பிரிவில் இடமில்லை என்றால் கல்லூரியிலேயே இடமில்லை என்று பொருளல்ல. சுயநிதிப் பிரிவில் கட்டணம் கூடுதல். ஆயினும் வேறு ஊர், விடுதி, பயணம் என்று ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, பிளஸ் டூவில் எடுத்த பிரிவு அந்தப் பாடத்துக்குத் தகுதியளிக்காதது. கணிதம் படிக்காதவருக்குச் சில கணினிப் படிப்புகளும் எல்லாப் பொறியியல் பிரிவுகளில் பெரும்பாலானவையும் கிடைக்காது. கல்லூரி மாறினாலும் இந்தத் தடை கூடவே வரும். அதற்கு வேறு வழியைத்தான் தேட வேண்டும்.

வழி 1: சேர்க்கைக் காலம் முடியும் முன்பே மாறுவது

இதுவே எளிய வழி. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை இணையவழி விண்ணப்பத்தில் நடக்கிறது. முதல் கட்டக் கலந்தாய்வில் கிடைக்காத பாடம் அடுத்த கட்டத்தில் கிடைப்பதுண்டு. பொறியியலுக்கோ வேறு தொழிற்படிப்புக்கோ இடம் கிடைத்துப் பலர் விலகும்போது கலைக் கல்லூரிகளில் இடங்கள் காலியாகும். அண்மை ஆண்டுகளில் தேவை அதிகமாக உள்ள பாடங்களுக்குக் கூடுதல் இடங்களை ஒதுக்க அரசு அனுமதி அளித்திருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் இது 20 சதவீதம் வரை இருந்தது. ஆகவே கிடைத்ததில் சேர்ந்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்கள் வரை துறைத் தலைவரையும் முதல்வரையும் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டே இருங்கள். மாணவர் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் ஒரே கல்லூரிக்குள் துறை மாறுவது முதல்வர் அளவிலேயே முடியக்கூடிய காரியம். பட்டியல் போய்விட்டால் கடினம்.

பி.சி.எம். பிரிவுக்குரிய 3.5 சதவீத இடஒதுக்கீட்டின் பயனும் இந்த முதல் ஆண்டுச் சேர்க்கையில்தான் முழுமையாகக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு இடமாறுதலில் காலியிடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சாதிச் சான்றிதழை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். சான்றிதழ் வராமல் இடத்தை இழந்த குடும்பங்கள் உண்டு.

பொறியியல் கலந்தாய்வுக்கு ஒரு சொல். இடம் ஒதுக்கப்பட்டதும், அதை ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு பட்டியலில் அதைவிட மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது எனப் பல தெரிவுகள் தரப்படுகின்றன. இரண்டாவது தெரிவைப் பலர் புரிந்துகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். கையில் உள்ள இடம் போகாமல் மேலே உள்ளதற்கு முயலும் வாய்ப்பு அது. விருப்பப் பட்டியலைக் கல்லூரியின் பெயரைப் பார்த்து மட்டும் நிரப்பாதீர்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று மஷ்வரா செய்து வரிசைப்படுத்துங்கள். சேர்ந்த பிறகு பிரிவை மாற்றுவது எளிதல்ல.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

“கட்டிய பணம் போய்விடுமே” என்ற அச்சத்திலேயே பலர் மாறாமல் இருந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரி முறையாக அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிதான் கணக்கு:

- அந்தத் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் 100 சதவீதம். இதில் செயல்முறைச் செலவாக ஒரு சிறு தொகை மட்டும் கழிக்கலாம். அது 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.
- 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம்.
- கடைசித் தேதிக்குப் பின் 15 நாட்கள் வரை 80 சதவீதம்.
- 15 முதல் 30 நாட்கள் வரை 50 சதவீதம்.
- 30 நாட்கள் கடந்தால் எதுவும் இல்லை.

இதற்குப் பிறகு சில கல்வியாண்டுகளுக்கு மானியக் குழு இன்னும் தாராளமான விதிகளை வெளியிட்டது. 2024-25ஆம் ஆண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல் கழித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்று சொன்னது. ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் என்பதால் நடப்பு ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2018 அறிவிப்பு, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் பிடித்துவைக்கக் கூடாது என்றும், முழுப் படிப்புக்குமான கட்டணத்தை முன்கூட்டியே வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குக் கணக்கில்லை.

வழி 2: அதே பாடத்தை வேறு கல்லூரியில் தொடர்வது

குடும்பம் ஊர் மாறுகிறது, தினசரிப் பயணம் தாங்கவில்லை, சுயநிதிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்ற நிலையில் இது பொருந்தும். பொதுவாக இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் செய்யப்படுகிறது. சேரப்போகும் கல்லூரியில் அந்தப் பாடத்தில் காலியிடம் இருக்க வேண்டும். இரு கல்லூரி முதல்வர்களின் இசைவுக் கடிதம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழகமே மாறினால் இடப்பெயர்வுச் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் கூடுதலாகத் தேவைப்படும்.

ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தாலே பாடத்திட்டம் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். திருச்சி ஜமால் முகமது கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடனும், சென்னை நியூ கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடனும், திருநெல்வேலி சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடனும் இணைந்தவை. ஆனால் மூன்றும் தன்னாட்சிக் கல்லூரிகள். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தேர்வையும் தானே நடத்துகிறது. அங்கிருந்து வெளியே போனாலும், வெளியிலிருந்து அங்கே வந்தாலும் தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். படிக்காமல் விடுபட்டவற்றைக் கூடுதல் தாள்களாக எழுதச் சொல்வார்கள். அரியர் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். அதை முடித்துவிட்டு மாறுவதே நல்லது.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. பகுதி 1இல் அரபியோ உருதுவோ எடுத்தவர்கள், அந்த மொழி இல்லாத கல்லூரிக்குப் போனால் தமிழோ அங்குள்ள வேறு மொழியோ எடுக்க வேண்டியிருக்கும். முந்தைய பருவங்களின் மொழித் தாளையும் எழுத வேண்டுமா என்பதை மாறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பீட்டு வங்கி பற்றியும் கேட்கிறார்கள். 2021இல் மானியக் குழு கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில், மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் அவர் பெயரில் சேமிக்கப்படும். டிஜிலாக்கர் வழியாகக் கணக்குத் தொடங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சேமிப்பில் இருப்பதாலேயே எந்தக் கல்லூரியும் அதை ஏற்றாக வேண்டும் என்றில்லை. எவற்றை ஏற்பது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனமே முடிவு செய்யும்.

வழி 3: ஓராண்டை விட்டு, முதல் ஆண்டில் மீண்டும் சேர்வது

“ஒரு வருடம் வீணாகிவிடுமே” என்று பெற்றோர் கலங்குகிறார்கள். பதினெட்டு வயதில் ஓராண்டு பெரிதாகத் தெரியும். நாற்பது வயதில் திரும்பிப் பார்த்தால் தெரியாது. அந்தப் பாடம் இல்லாமல் அந்தத் தொழிலுக்கே போக முடியாது என்றால் ஓராண்டை இழப்பது நியாயமே. மருத்துவ உளவியல், செவிலியர் படிப்பு, மருந்தியல் போன்றவை அப்படிப்பட்டவை. உளவியலைத் தொலைதூரக் கல்வியில் படித்துக்கொள்ளலாம் என்று முன்பு சொல்வார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவூட்டவியல் போன்ற படிப்புகளைத் தொலைதூர, இணையவழி முறையில் நடத்த மானியக் குழு தடை விதித்துவிட்டது. இன்னும் பழைய விளம்பரத்தைக் காட்டி யாரேனும் அழைத்தால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இந்த வழியில் போவதென்றால் நடப்புப் படிப்பை உடனே விட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டுத் தேர்வுகளை எழுதுங்கள். மறு ஆண்டு விண்ணப்பம் போட்டு, இடம் உறுதியான பிறகு டி.சி. கேளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டைத் தொடரலாம்.

வழி 4: பட்டத்தை முடித்துவிட்டுத் திரும்புவது

எங்கள் அனுபவத்தில் அதிகம் பேருக்குப் பொருந்தியது இதுதான். இளநிலையில் தவறிய பாதையைப் பிடிக்க முதுநிலையில் கதவுகள் உண்டு:

- எம்.சி.ஏ.: பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்த பட்டதாரிகள் சேரலாம். இப்போது இரண்டாண்டுப் படிப்பு. நம் மாநிலத்தில் டான்செட் தேர்வு வழியாகச் சேர்க்கை. கணினி அறிவியல் கிடைக்காமல் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இது நேரான வழி.
- பொறியியல்: டிப்ளமோ முடித்தவர்களும், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம்.
- எம்.பி.ஏ., மூன்றாண்டு சட்டப் படிப்பு, எம்.எஸ்.டபிள்யூ.: எந்தப் பட்டமும் போதும்.
- டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி.: பட்டதாரி நிலைப் பணிகள் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

விதிவிலக்கு ஆசிரியர் பணி. பி.எட். சேர்க்கையிலும் ஆசிரியர் தேர்விலும் இளநிலையில் படித்த முதன்மைப் பாடம் பார்க்கப்படுகிறது. ஆசிரியராக விரும்பும் பிள்ளை பாடத்தை முன்பே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காத்திருக்கும் மூன்றாண்டுகளும் சும்மா போக வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரு பட்டப்படிப்புகள் படிக்க 2022 ஏப்ரலில் மானியக் குழு அனுமதித்தது. ஒன்று நேரடி வகுப்பாகவும் மற்றொன்று தொலைதூர அல்லது இணையவழியாகவும் இருக்கலாம். இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பல படிப்புகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்தில், தகுதிச் சுற்றில் தேறினால் எந்தக் கல்லூரியில் படிப்பவரும் சேரலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஸ்வயம் தளத்தில் பல பாடங்களை இலவசமாகவே படிக்கலாம்.

உதவித்தொகை அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கல்லூரி மாறும்போது உதவித்தொகை தானாகக் கூடவே வராது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவர்கள் பழைய கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் சொல்லி விவரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையோடு கலந்தாய்வில் சேர்ந்தவர்கள், மாறிய பிறகும் அது நீடிக்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கலந்தாய்வு இடத்தை விட்டு நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகிறவர்கள் அந்தச் சலுகையை இழப்பார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் மாறிவிட்டு, பிறகு வட்டிக் கடனில் மாட்டிக்கொள்ளும் நிலை வரக் கூடாது.

பெற்றோர்களுக்கு

பிள்ளை மாற வேண்டும் என்று சொன்னால் முதலில் கோபப்படாமல் கேளுங்கள். பாடம் பிடிக்கவில்லையா, ஆங்கில வழி வகுப்பு புரியவில்லையா, தோழர்கள் வேறு கல்லூரியில் இருக்கிறார்களா, விடுதியில் ஏதேனும் தொல்லையா? முதல் பருவத்தில் வரும் தடுமாற்றம் பலருக்கு இரண்டாம் பருவத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கல்லூரி மாறுவது மருந்தாகாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மகன் கேட்டால் நூறு கிலோமீட்டர் தள்ளி விடுதியில் சேர்க்கிறோம். மகள் கேட்டால் “பக்கத்தில் கிடைத்ததைப் படி, கல்யாணம் வரைதானே” என்கிறோம். பிடிக்காத பாடத்தில் தள்ளப்பட்ட பெண்கள் படிப்பையே நிறுத்திவிடுவதைப் பார்த்து வருகிறோம். நம் சமுதாயம் நடத்தும் மகளிர் கல்லூரிகளும் பாதுகாப்பான விடுதிகளும் இன்று உள்ளன. தூரத்தைக் காரணம் காட்டும் முன் அவற்றை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. சேரப்போகும் கல்லூரி இடம் உண்டு என்று எழுத்தில் தந்திருக்கிறதா?
2. நான் சேர்வது முதல் ஆண்டிலா, இரண்டாம் ஆண்டிலா? கூடுதல் தாள்கள் எத்தனை?
3. வருகைப் பதிவுக்கு என்ன செய்வார்கள்? தாமதமாகச் சேர்ந்தால் 75 சதவீதம் எட்டுமா?
4. பழைய கல்லூரியிலிருந்து எவ்வளவு பணம் திரும்ப வரும், எப்போது வரும்?
5. உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் தொடருமா?

ஐந்துக்கும் பதில் கிடைக்கும் வரை டி.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

கல்லூரி மாறுவது பற்றிக் குழப்பத்தில் உள்ள மாணவர்கள் பெற்றோருடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதி, வருமானச் சான்றிதழ்கள், கட்டண ரசீது, பருவத் தேர்வு மதிப்பெண்கள் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு வாருங்கள். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுத உதவுகிறோம். மாறுவதால் ஏற்படும் இடைக்காலச் செலவுக்கு, தகுதியுள்ளோருக்கு வட்டியில்லாக் கடனும், தேவையுடையோருக்கு ஸகாத் நிதியிலிருந்து உதவியும் பரிசீலிக்கப்படும், இன்ஷா அல்லாஹ். டி.சி. வாங்கிய பிறகு வராதீர்கள். வாங்கும் முன் வாருங்கள்.

செயலாளர்